எலிக்குக் கிடைத்த காப்பு: கருஞ்சீரக எண்ணெயும் ஓர் இரவுக் காவலரின் சிறுநீரகமும்

நோயாளர் 61 வயது ஆடவர். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வீவக (அரசு குடியிருப்பு) அடுக்குமாடி ஒன்றில் மனைவியுடன் வசிக்கிறார். தொழிற்பேட்டை ஒன்றின் வாயிலில் இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை பாதுகாவலராக இருக்கிறார். அவர் இன்றும் இனிப்புநீர் என்றே சொல்லும் இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு 14 ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் இரு வேளையும், கிளிபிசைடு 5 மில்லிகிராம் இரு வேளையும், சிறுநீரகத்தைக் காக்க லோசார்டான் 50 மில்லிகிராமும் கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும் ஒரு வேளையும் அவருக்கு எழுதப்பட்டிருந்தன. விழித்திரைப் படத்தில் தொடக்கநிலைப் பாதிப்பு சில ஆண்டுகளாக மாறாமல் இருக்கிறது. பாதங்களில் உணர்ச்சி குறையவில்லை. அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரைப் பார்த்த மருத்துவரோடு சேர்ந்து அவருடைய மருந்துகளைச் சரிபார்க்கும் மருந்தாளராக இருந்தேன் என்பதால், இந்த ஆய்வு மருந்துப் பையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஜூன் மாதம் அவர் வந்தபோது மகிழ்ச்சியோடு வந்தார். ஜனவரியில் 8.6 விழுக்காடாக இருந்த எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 7.7க்கு இறங்கியிருந்தது, எடையும் 64.5 கிலோவிலிருந்து 62 கிலோவாகக் குறைந்திருந்தது. ஆனால் அதே நாளில் எடுத்த சிறுநீரில், புரதக் கசிவைக் காட்டும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 38 மில்லிகிராம்/மில்லிமோல் என்று வந்தது. ஜனவரியில் அது 11.8 மட்டுமே. இரத்த அழுத்தம் 130/76இலிருந்து 150/84 ஆகியிருந்தது. இரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 96இலிருந்து 101 மைக்ரோமோல் ஆனது பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. சர்க்கரை குறைய, சிறுநீரில் புரதம் மும்மடங்காகக் கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே மனிதரில், ஒரே காலகட்டத்தில் நடந்திருப்பதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு.

சிறுநீர்ப் புரதத்தின் ஒற்றை அளவை நம்பக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடலுழைப்பு ஆகியவற்றில் எதுவும் அதைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். ஆகவே தொற்று இல்லை என்று உறுதிசெய்தபின் இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுக்கச் சொன்னோம். இங்கே ஒரு சிறு சிக்கல். "காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர்" என்று எல்லாருக்கும் கொடுக்கும் துண்டுச்சீட்டையே அவருக்கும் கொடுத்தால், பன்னிரண்டு மணி நேரம் நின்றும் நடந்தும் வேலை பார்த்துவிட்டு வந்தவரின் சிறுநீர்தான் குடுவைக்கு வந்து சேரும். அவருடைய விடியல் பிற்பகல் மூன்று மணி. தூங்கி எழுந்த அந்த நேரத்துச் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னோம். 34 வந்தது. 30ஐத் தாண்டினால் கடும் கசிவு என்பது வழக்கமான வரையறை என்பதால், இனி இதைத் தற்செயல் என்று ஒதுக்க வழியில்லை.

வீட்டில் இருக்கும் மருந்து, மாத்திரை, லேகியம், எண்ணெய் எதுவானாலும் அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்வது எங்கள் வழக்கம். பையைக் கவிழ்த்தபோது முதலில் விழுந்தது கண்ணாடிப் புட்டி ஒன்று. பாதி அளவு கரும்பழுப்பு எண்ணெய், மூடியைத் திறந்ததும் மிளகும் ஓமமும் கலந்தாற்போல மூக்கில் ஏறும் காரநெடி. அதன் பின்னால் மூன்று பெட்டி லோசார்டான், ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படாமல். மூன்று முறையும் அவற்றை ஒழுங்காக வாங்கிச் சென்றிருக்கிறார். மூன்று முறையும் நாங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறோம். சாப்பிடுகிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கள் பக்கத்துத் தவறு.

அவர் சொன்ன காரணத்தை நான் இங்கே சுருக்காமல் தருகிறேன், ஏனென்றால் அதில் அறியாமையைவிடத் தர்க்கமே அதிகம் இருந்தது. பிப்ரவரியில் உறவினர் ஒருவர் அனுப்பிய குரல்பதிவில், கருஞ்சீரக எண்ணெய் நீரிழிவால் கெட்ட சிறுநீரகத்தையும் கல்லீரலையும் காக்கும் என்று எலிகளில் நிரூபித்துவிட்டார்கள் எனச் சொல்லப்பட்டிருந்தது. சிராங்கூன் சாலைக் கடையில் புட்டி வாங்கினார். அவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்ததில்லை. லோசார்டான் எதற்கு என்று முன்பு கேட்டபோது "கிட்னிக்குப் பாதுகாப்பு, ஐயா" என்றுதான் சொல்லியிருந்தோம். "எண்ணெயும் கிட்னிக்குக் காவல், மாத்திரையும் கிட்னிக்குக் காவல். ஒரே கேட்டுக்கு ரெண்டு ஆள் எதுக்கும்மா?" என்றார். காவல் வேலை பார்ப்பவரின் கணக்கு அது. சர்க்கரை மாத்திரைகளை அவர் நிறுத்தவே இல்லை.

இனி அந்த எலிகளைப் பார்க்க வேண்டும். குரல்பதிவு முழுப் பொய்யும் இல்லை. கருஞ்சீரக விதையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதில் பெரும்பகுதி லினோலியிக் அமிலம் மிகுந்த சாதாரணக் கொழுப்பெண்ணெய். நெடியைத் தருவதும் ஆய்வாளர்களை ஈர்ப்பதும் மிகச் சிறு அளவில் உள்ள ஆவியெண்ணெயும் அதில் இருக்கும் தைமோகுவினோனும். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இந்த எண்ணெயையோ தைமோகுவினோனையோ சில வாரங்கள் கொடுத்து, சிறுநீரகம், கல்லீரல், இதயம், கணையத் திட்டுகள் ஆகியவற்றை வெட்டிப் பார்த்த ஆய்வுகள் பல வந்துள்ளன. அவற்றில் கொழுப்பு சிதைவதன் அடையாளமான மலோன்டைஆல்டிஹைடு குறைகிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற காப்பு நொதிகள் மீள்கின்றன. நுண்ணோக்கியில் சிறுநீரக வடிமுடிச்சுகள் சேதம் குறைந்து தெரிகின்றன. மிகைச்சர்க்கரையால் உறுப்புகள் கெடும் வழிகளில் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் அழற்சியும் முக்கியமானவை. அந்த வழியில் இந்த எண்ணெய் குறுக்கே நிற்கக்கூடும் என்பதை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த எலிகளுக்கு நீரிழிவு வந்த விதத்தைக் குரல்பதிவு சொல்லவில்லை. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் நச்சுப்பொருளை எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த பொருள் அது. குளுக்கோஸைப் போன்ற வடிவமுடையதால் குளுட்-2 என்ற கடத்தியின் வழியாகக் கணையத்தின் பீட்டா செல்லுக்குள் நுழைந்து, அதன் டிஎன்ஏவைச் சிதைத்து, இரண்டு மூன்று நாளில் இன்சுலின் சுரப்பைக் குலைத்துவிடும். 14 ஆண்டுகளாக மெதுவாக வளர்ந்த, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காததில் தொடங்கிய நம் காவலரின் நோயோடு இதற்கு உறவு தூரம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எலியின் கல்லீரலிலும் சிறுநீரக நுண்குழல்களிலும் அதே குளுட்-2 இருக்கிறது. ஆகவே அந்த நச்சு, சர்க்கரை ஏறும் வரை காத்திராமல், அவ்வுறுப்புகளை நேரடியாகவும் தாக்கக்கூடும். ஊசி போடுவதற்கு முன்போ போட்ட கையோடோ எண்ணெயைக் கொடுத்து உறுப்பு தப்பியதென்றால், அது நீரிழிவிடமிருந்து தப்பியதா, நச்சிடமிருந்து தப்பியதா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. எண்ணெய் கொடுத்த எலிகளில் இரத்தச் சர்க்கரையும் சேர்ந்து இறங்கியிருந்தால், உறுப்பைக் காத்தது எண்ணெயா, இறங்கிய சர்க்கரையா என்ற இன்னொரு கேள்வியும் எழும்.

கால அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எலி ஆய்வுகள் பெரும்பாலும் வாரக் கணக்கில் முடிந்துவிடுகின்றன. அந்த எலிகளின் சிறுநீரகத்தில் தொடக்கநிலை மாற்றங்கள் வருமே தவிர, மனிதரை இரத்தச் சுத்திகரிப்பு வரை கொண்டுசெல்லும் தழும்பு அவ்வளவாக உருவாவதில்லை. மனிதருக்கோ அது பத்து, இருபது ஆண்டுக் கதை.

அளவுக் கணக்கை அவரோடு சேர்ந்தே ஒரு தாளில் போட்டேன். எலியின் மருந்தளவை மனிதருக்கு மாற்ற, கிலோவுக்கான அளவை 6.2ஆல் வகுப்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள முறை. எலிக்குக் கிலோவுக்கு 2 மில்லிலிட்டர் கொடுத்ததாக வைத்துக்கொண்டால், 62 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிலிட்டர் வருகிறது. ஏறக்குறைய 165 கலோரி. அவர் குடித்தது 15 மில்லிலிட்டர், ஒரு மேசைக்கரண்டி; பெரிய தூரமில்லை என்று அவரே சுட்டிக்காட்டினார். சரிதான். ஆனால் எந்த எண்ணெய்? விதை விளைந்த இடத்தையும் பிழிந்த முறையையும் பொறுத்துத் தைமோகுவினோன் அளவு பெரிதும் மாறுபடும். வெளிச்சத்திலும் சூட்டிலும் அது சிதையும். கடையில் வாங்கிய அடர்பழுப்புப் புட்டியின் வாய் குறுகல், கரண்டியில் ஊற்றச் சிந்துகிறது என்று, அவருடைய மனைவி அதைப் பழைய ஊறுகாய்ப் புட்டியில் மாற்றி, சமையலறைச் சன்னலோரம், அடுப்பிலிருந்து ஒரு முழத் தொலைவில் வைத்திருந்தார். நான்கு மாத வெயில் அதன் மேல் விழுந்திருக்கிறது.

மனிதரில் நடந்த ஆய்வுகளையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக நடந்ததாகாது. 2010இல் சவூதி அரேபியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 94 பேருக்கு, வழக்கமான மாத்திரைகளோடு கருஞ்சீரகத்தை நாளொன்றுக்கு 1, 2, 3 கிராம் என்று மூன்று குழுக்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2 கிராம் எடுத்தவர்களில் 12 வாரத்தில் எச்பிஏ1சி 1.52 புள்ளி குறைந்தது. இது சிறிய குறைவு இல்லை. ஆனால் கொடுத்தது விதை; அளந்தது சர்க்கரை. லோசார்டானின் கணக்கு வேறு வகை. 2001இல் வெளியான ரீனால் ஆய்வில், நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 1,513 பேரைச் சராசரியாக 3.4 ஆண்டுகள் பின்தொடர்ந்து, சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் அபாயம் 28 விழுக்காடு குறைந்ததைக் காட்டினார்கள். அங்கே எண்ணப்பட்டவர்கள் இரத்தச் சுத்திகரிப்புக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ போன மனிதர்கள்.

சரி, எச்பிஏ1சி ஏன் இறங்கியது? இதற்கான விடை ஆய்வுக்கூடத்தில் கிடைக்கவில்லை. அவருடைய காலைப் பொழுதை மணிவாரியாகக் கேட்டபோது கிடைத்தது. பல ஆண்டுகளாக, வேலை முடிந்ததும் எட்டேகால் மணிக்குக் காப்பிக் கடையில் இரண்டு பரோட்டா, மீன்குழம்பு, ஒரு தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்). எண்ணெயை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும், ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது குரல்பதிவின் கட்டளை. எனவே கடையைத் தாண்டி நேராக வீட்டுக்குப் போய், எட்டரைக்கு ஒரு கரண்டி குடித்துவிட்டு, அந்த ஒரு மணி நேரம் முடியட்டும் என்று நாற்காலியில் சாய்வார். பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தவர்; பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார். நான்கு மாதமாக அவர் காலை உணவே சாப்பிடவில்லை. அதில் ஏதோ தியாகம் செய்ததாகவும் அவர் நினைக்கவில்லை. அது நின்றுபோனதையே நான் கேட்ட பிறகுதான் கவனித்தார்.

ஆனால் காலைக் கிளிபிசைடை எண்ணெயோடு தவறாமல் விழுங்கினார். உணவு வரும் என்று நம்பிக் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்தெடுக்கும் மாத்திரை அது. உணவு வராதபோது என்ன ஆகும் என்பதை அவருடைய மனைவிதான் சொன்னார்: பதினொரு மணிவாக்கில் தலையணை நனைய வேர்த்து, கை நடுங்க எழுந்து, குளிர்பெட்டியைத் திறந்து எது கிடைத்தாலும் தின்பாராம். வாரத்தில் இரண்டு நாளாவது. "எண்ணெய் கழிவை வெளியேத்துது" என்று அவர் அதற்கு விளக்கமும் வைத்திருந்தார். ஒருநாள் அந்த நேரத்தில் மகள் விரலில் குத்திப் பார்த்தபோது 3.3 மில்லிமோல். 4க்குக் கீழ் போனாலே தாழ்சர்க்கரை. கிளிபிசைடைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தைமோகுவினோன் தடுப்பதாகச் சோதனைக் குழாயில் காணப்பட்டிருக்கிறது. மனித உடலில் அதற்கு எவ்வளவு பங்கு என்று இந்த ஒருவரை வைத்து என்னால் சொல்ல முடியாது. பரோட்டா இல்லாத வயிறே போதிய விளக்கம்.

இன்னொரு ஐயத்தையும் தீர்க்க வேண்டியிருந்தது. 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை கலந்த கள்ள ஆண்மை வீரிய மருந்துகளால், நீரிழிவே இல்லாத 150 பேர் அளவில் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் கடும் தாழ்சர்க்கரையோடு சேர்க்கப்பட்டு, நால்வர் இறந்தனர். அந்த நினைவு இங்குள்ள எந்த மருந்தாளருக்கும் எளிதில் போகாது. சுகாதாரத் துணைப்பொருள்கள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்னனுமதி பெறத் தேவையில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. ஆனால் இந்தப் புட்டி பெயரும் முகவரியும் உள்ள தயாரிப்பு. காலை உணவு நின்றதும் தாழ்சர்க்கரை வரும் மணியும் கச்சிதமாகப் பொருந்தின. மாலைக் கிளிபிசைடுக்குப் பின் வேலைக்குக் கிளம்புமுன் முழுச் சாப்பாடு சாப்பிடுவதால் இரவில் அப்படி எதுவும் நேரவில்லை. கலப்படத்துக்கான வாய்ப்பைத் தாழ்வாகவே எடைபோட்டோம்.

சிறுநீரில் புரதம் கூடியதற்கு லோசார்டான் நின்றதுதான் முதல் ஐயம். சிறுநீரக வடிமுடிச்சிலிருந்து இரத்தம் வெளியேறும் நுண்தமனியை ஆஞ்சியோடென்சின் இறுக்குகிறது. லோசார்டான் அந்த இறுக்கத்தைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கிறது. மாத்திரை நின்றால் அழுத்தம் பழையபடி ஏறி, ஆல்புமின் மறுபடியும் கசியும். ஆயினும் எண்ணெயே சிறுநீரகத்தைக் கெடுத்திருக்குமோ என்ற கேள்வியையும் வைத்துக்கொண்டோம்: கருஞ்சீரக மாத்திரையோடு தொடர்புடைய திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு, நீரிழிவு நோயாளி ஒருவரிடம் கண்டதாக 2013இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

லோசார்டான் மீண்டும் தொடங்கப்பட்டது. காலைக் கிளிபிசைடு நிறுத்தப்பட்டது. எண்ணெயை மூன்று மாதம் மட்டும் தள்ளிவைக்கக் கேட்டோம். ஒரே சமயத்தில் மூன்றை மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரிக்க இயலாது என்பது தெரிந்தேதான் செய்தோம். ஆய்வு அழகாக அமைய வேண்டும் என்பதற்காகக் காப்பு மாத்திரையை மேலும் மூன்று மாதம் எடுக்காமல் இருக்கச் சொல்ல முடியாது. பரோட்டா திரும்பி வரக் கூடாது என்பது மட்டும் என் தனி வேண்டுகோள். ஓர் அவித்த முட்டை, தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று முடிவாயிற்று. இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 108, பொட்டாசியம் 4.7. லோசார்டான் தொடங்கும்போது கிரியேட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்த்ததே; 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் கவலை.

செப்டம்பரில் புரத விகிதம் 14.2. இரத்த அழுத்தம் 132/78. எச்பிஏ1சி 7.6. எண்ணெயும் இல்லை, காலைக் கிளிபிசைடும் இல்லை, ஆனாலும் சர்க்கரை ஏறவில்லை. தலையணை நனையவில்லை. அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நாலு மாசமா எனக்கு வைத்தியம் பார்த்தது பரோட்டாவா?" என்று கேட்டார். பரோட்டா வராததுதான், ஐயா, என்றேன். அவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எண்ணெயை மறுபடியும் தொடங்கலாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டாம் என்று சொல்லியிருந்தால், சொல்லாமல் குடித்திருப்பார். அப்போது எங்களுக்கும் ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். உணவோடு ஒரு தேக்கரண்டி, அடர்நிறப் புட்டி, அடுப்பிலிருந்து தள்ளி, மற்ற எல்லா மாத்திரையும் அப்படியே தொடர வேண்டும் என்ற நிபந்தனையில் மருத்துவர் ஒப்புக்கொண்டார். இதில் எங்களுக்கும் ஓர் ஆதாயம் இருந்தது: எண்ணெய்தான் புரதத்தை ஏற்றியதென்றால் இப்போது மறுபடியும் ஏற வேண்டும். டிசம்பரில் 13.1, எச்பிஏ1சி 7.7. சிறுநீரகத்தை எண்ணெய் கெடுத்ததற்கும் தடயமில்லை, காத்ததற்கும் தடயமில்லை. தேக்கரண்டி, மேசைக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் முந்தைய அளவுக்கு இதை முழுத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது என்பதையும் கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

2017இல் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்றார். நம் வீடுகளில் எண்ணெய்ப் புட்டி இல்லாத சமையலறை அரிது என்பதால், "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்ற வழக்கமான கேள்விக்குப் பின்னால் இப்போது இன்னொன்றையும் கேட்கிறேன்: "அதைத் தொடங்கியபின் எதை விட்டீர்கள்?" இந்த ஒரு நோயாளரிடம் எண்ணெயின் விளைவாகத் தோன்றிய இரண்டுமே, சர்க்கரை இறங்கியதும் புரதம் ஏறியதும், அவர் உள்ளே எடுத்ததால் வரவில்லை, நிறுத்தியதால் வந்தன.

டிசம்பர் சந்திப்பில் இன்னொன்றும் பேசி முடித்தோம். சிறுநீரகத்துக்குக் காப்புத் தரும் எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையை அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறுத்திருந்தார் என்று கோப்பில் இருந்தது, காரணம் எழுதப்படவில்லை. கேட்டபோது சொன்னார்: காவல் சாவடியில் இரவில் அவர் ஒருவர்தான், கழிப்பறை வளாகத்தின் மறுகோடியில், அந்த மாத்திரையோ அடிக்கடி சிறுநீர் போகவைக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்ததும் போட்டுக்கொண்டால் அந்த அவசரத்தில் பெரும்பகுதி வேலைக்குக் கிளம்புமுன் கழிந்துவிடுகிறதா என்று இரண்டு வாரம் பார்க்கலாம் என்றோம். ஒப்புக்கொண்டார். லோசார்டானையும் அதே நேரத்துக்கு மாற்றியாயிற்று. மாத்திரைப் பெட்டியில் "காலை" என்று அச்சிட்டிருந்த மூடியின் மேல் அவர் மகள் "மணி 3" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அடுத்த சிறுநீர்ப் பரிசோதனை மார்ச்சில்.